ஓசிக் கச்சேரியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர் இருக்கிறார். சனிக்கிழமை குடும்பத்தோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால், திங்கட்கிழமை காலை ஒரு துண்டுக் காகிதத்தோடு வருவார். டிக்கெட் இவ்வளவு, ஆன்லைனில் புக் பண்ணியதற்கு இவ்வளவு, பார்க்கிங், பாப்கார்ன், சின்னவன் கேட்ட ஐஸ்க்ரீம், ராத்திரி ஓட்டல். கீழே ஒரு கோடு போட்டு மொத்தம். அந்த மொத்தத்தை என்னிடம் காட்டி, "பார்த்தீங்களா சார்?" என்பார். ஏதோ நான்தான் வாங்கிக்கொண்ட மாதிரி.

"படம் எப்படி சார் இருந்தது?"

"படமா? இன்டர்வெல் வரைக்கும் பார்க்கிங் டோக்கனைத் தேடிக்கிட்டிருந்தேன் சார்."

போன நவம்பரில் அவரிடம் வாய்விட்டுவிட்டேன். "டிசம்பர் வரட்டும். உங்க நாலு பேரையும் நூறு ரூபாய்ல ஒரு நாள் முழுக்க வெளியே கூட்டிட்டுப் போறேன். பாட்டு, காத்து, காபி எல்லாம் சேர்த்து."

அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. காபி விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சபா கேன்டீனுக்குள் குடும்பத்தோடு நுழைந்தால் அந்த நூறு ரூபாய் வாசலிலேயே செத்துப்போகும். மற்றபடி சொன்னது சொன்னதுதான். பறக்கும் ரயிலில் அஞ்சு ரூபாய் டிக்கெட் இன்னும் இருக்கிறது. திருமயிலை ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் நாலைந்து சபா. பெரம்பூர்ப் பக்கம் என்றால் 29சி பஸ், நேரே மயிலாப்பூர். மதியக் கச்சேரிக்குப் பெரும்பாலான சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் நடக்கிற லெக்சர் டெமான்ஸ்ட்ரேஷனுக்கும் யாரும் காசு கேட்பதில்லை. ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பிரித்துப் போட்டுக் காட்டுவார்கள். எனக்குப் பாதி புரியாது. புரிந்த பாதியே அந்த நாளுக்குப் போதும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், தூக்கத்தால்.

கோவில்பட்டியிலிருந்து பி.காம். முடித்துவிட்டு 2001-ல் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் மேன்ஷன், ஓர் அறையில் மூன்று பேர். மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வேலை என்றால், ஊர் பூராவும் கம்பெனி கம்பெனியாகப் போய் வவுச்சரை டிக் அடிப்பது. டிசம்பர் மாதம் ஒரு மதியம், கிளையன்ட் ஆபீஸில் கணக்கர் சாப்பிடப் போய்விட்டார், மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். லஸ் பக்கம் நடந்தேன். ஒரு சபா வாசல் திறந்து கிடந்தது. உள்ளிருந்து ஜில்லென்று காற்று. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே போனால் முந்நூறு நாற்காலி. முப்பது பேர். அதில் ஏழெட்டுப் பேர் என் கட்சி, அதாவது தூங்க வந்தவர்கள். மெடிக்கல் ரெப் ஒருவர் பையைத் தலைக்கு வைத்து மூன்று நாற்காலியில் படுத்தே விட்டார். மேடையில் பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடினேன்.

எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாது. ஏதோ ஒன்று என்னை எழுப்பியது. சத்தம் இல்லை. அவள் குரலைத் தாழ்த்தி, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. பக்கத்தில் ஒரு பெரியவர், வெற்றிலைப் பெட்டியும் மஞ்சள் பையுமாக. "இது என்ன ராகம் சார்?" என்றேன்.

"ஸஹானா. பேசாம கேளு."

பேசாமல் கேட்டேன். மூன்று மணிக்குப் போகவேண்டியவன் நாலேகாலுக்குப் போய்த் திட்டு வாங்கினேன். அந்தத் திட்டு மட்டும்தான் அந்தக் கச்சேரிக்கு நான் கொடுத்த விலை. அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு மேலாக ஓசியில் கேட்டிருக்கிறேன். பாரதிய வித்யா பவன், ராகசுதா ஹால், நாரத கான சபாவின் சின்ன அரங்கம். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் ராமநவமிக் கச்சேரி. நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகள் பாடும் மைக் இல்லாக் கச்சேரி. அலியான்ஸ் பிரான்சேஸில் புரியாத பாஷையில் கிதார். இவற்றில் ஒன்றுக்கும் காசு கொடுத்த ஞாபகம் இல்லை.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். நான் காமர்ஸ் படித்தவன். எங்களுக்கு முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஒருத்தன் கணக்கில் வரவு என்றால் இன்னொருத்தன் கணக்கில் பற்று இருந்தே தீரும். எனக்கு இருபது வருஷம் வரவு. அந்தப் பற்று யார் கணக்கில் எழுதப்பட்டது?

சில வருடங்களுக்கு முன் எனக்கு அதைக் காட்டியது ஓர் அம்மா. அவர் மகள் பாடுகிறாள், மதிய வேளைக் கச்சேரிகள். பெயரெல்லாம் வேண்டாம். சீசன் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என்முன் வைத்தார். பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரு கச்சேரி. வயலின்காரருக்கு இவ்வளவு. மிருதங்கத்துக்கு இவ்வளவு. கடம் வைத்தால் அதற்கு. போக வர கார், ஏனென்றால் தம்புராவோடும் பட்டுப் புடவையோடும் 29சி-யில் ஏற முடியாது. எல்லோருக்கும் டிபன். இதெல்லாம் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் பல கச்சேரிகளுக்கு ஒரே மாதிரி எழுதியிருந்தார்: "பொன்னாடை 1, தேங்காய் பழம், கவர்." கவருக்குள் இருந்த தொகை கார் வாடகைக்கே காணவில்லை. சில பக்கங்களில் கவரும் இல்லை. ஒரு பக்கத்தில், வரவில் இருக்கவேண்டியது செலவில் இருந்தது: "நன்கொடை."

"இது என்னம்மா?"

"அங்கே பாடணும்னா டொனேஷன் கொடுக்கணும்னு சொன்னாங்க சார். ரசீது குடுத்தாங்க."

நான் எத்தனையோ கம்பெனிக் கணக்கு பார்த்திருக்கிறேன். வேலை செய்தவரே வேலை வாங்கியவருக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கிய கணக்கை அங்கேதான் பார்த்தேன். எல்லா சபாவும் அப்படி என்று சொல்லவில்லை. பெரும்பாலான சபாக்கள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் இது ரகசியமும் இல்லை. பத்திரிகைகளில் பல வருஷமாக எழுதுகிறார்கள். எழுதியும் நடக்கிறது. ஏன் நடக்கிறது? வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேர். பாடக் கற்றுக்கொண்டவர்கள் ஆயிரம், மேடை கொஞ்சம், சீசனோ ஐந்தாறு வாரம். டிமாண்டும் சப்ளையும் என்று பரீட்சையில் எழுதினால் பத்து மார்க். எதிரில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டினால் மார்க் போட மனசு வருவதில்லை.

சபாச் செயலாளர்களைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நிறைய சபாக்களுக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. ஹால் வாடகை, கரண்ட், மைக் செட், நோட்டீஸ். சாயங்காலம் பெரிய பெயர் ஒன்று பாடினால் டிக்கெட் விற்கும், விளம்பரதாரர் வருவார். அந்தப் பணத்தில்தான் மதிய வேளை ஓடுகிறது என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. முழு உண்மை என்னவென்றால், அந்த மதிய வேளையின் ஒரு பகுதி சபாவின் பணத்திலும், இன்னொரு பகுதி அந்த அம்மாவின் நோட்டிலும் ஓடுகிறது. நமக்கு வாசலில் "அனுமதி இலவசம்" என்ற போர்டு மட்டும்தான் தெரிகிறது.

எங்கள் ஊரில் இலவசம் வேறு மாதிரி. கோவில்பட்டி என்றால் சிலருக்குக் கடலைமிட்டாய், சிலருக்குக் கி.ராஜநாராயணன். எங்கள் தாத்தாவுக்குக் காருகுறிச்சி அருணாசலம். 1964-ல் மறைந்துவிட்ட அந்த நாகஸ்வர மேதை கோவில்பட்டியிலேயே வாழ்ந்தவர். 'கொஞ்சும் சலங்கை'யில் அவர் வாசிப்பைக் கேட்டு அழுதவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாகஸ்வரம். தெருவில் உட்கார்ந்து கேட்ட எவனும் ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆனால் வாசித்தவருக்குப் பணம் போயிற்று. மண்டகப்படிக்காரர் கொடுத்தார். இன்ன நாள் இன்ன சமூகத்தார், இன்ன கடைக்காரர் என்று கணக்கு இருந்தது. கொடுத்தது போதுமா, கொடுத்த விதம் மரியாதையாக இருந்ததா என்றால், அது பெரிய கதை, சுகமான கதையும் இல்லை. ஆனாலும் கேட்பவன் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார் என்பது தெளிவாக இருந்தது.

சென்னையில் ஒரு காலத்தில் மாநகராட்சியே கொடுத்தது. 1930-ல் சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒரு வானொலி நடத்தியது தெரியுமோ? வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அதனால் மெரினாவிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சாயங்காலம் கடற்கரைக்கு வந்தவன் சுண்டலுக்குக் காசு கொடுத்தால் போதும், பாட்டு நகராட்சியின் செலவு. 1938-ல் அகில இந்திய வானொலி வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை இது நடந்தது. ஒரு நகரம் தன் ஜனங்களுக்குத் தண்ணீர், வெளிச்சத்தோடு பாட்டும் கொடுக்கவேண்டும் என்று ஒரு கமிட்டியில் யாரோ பேசியிருக்கிறார்கள், மற்றவர்கள் கையைத் தூக்கியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

அந்த வழியில் வந்ததுதான் சென்னை சங்கமம். 2007-ல் ஆரம்பித்தபோது பூங்காக்களில் பறையும் கரகமும் பார்த்து, "இதெல்லாம் நம்ம ஊர்ல பார்த்தது, இங்கே எப்படி?" என்று வாய் பிளந்து நின்றேன். 2011-க்குப் பிறகு நின்றுபோனது. 2023 பொங்கலுக்கு மறுபடி 'நம்ம ஊரு திருவிழா' என்று வந்தது. கேட்பவருக்கு இலவசம், ஆடுபவருக்குச் சம்பளம். இலவசம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு கட்டணம் இருக்கிறது. அது டிக்கெட்டில் அச்சாகாதது.

மேன்ஷன் நாட்களில் எனக்கு ஒரு சிநேகிதன். வியாசர்பாடிக்காரன், அச்சகத்தில் வேலை. நான் போய்வந்து பெருமையடித்ததைக் கேட்டு, ஒரு நாள் அவனும் வந்தான். என்னை விடாத வாட்ச்மேனா அவனை விடாமல் போவார் என்று நினைத்தேன். அவனிடம் மட்டும், "யாரைப் பார்க்கணும்?" என்றார். பாட்டு கேட்க வந்திருக்கிறோம் என்றதும் விட்டுவிட்டார், தப்பாக ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தோம். முன் வரிசையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அரை மணி நேரத்தில் அவன் எழுந்துவிட்டான். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னான்: "டிக்கெட் இல்லைதான்டா. ஆனா உள்ளே உக்கார ஏதோ ஒண்ணு கேக்கறாங்க. அது எங்கிட்ட இல்ல." என்னிடமும் அது இல்லை. ஆனால் என் கையில் ஆடிட் ஃபைல் இருந்தது, அதை வைத்து நான் சமாளித்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

இதை இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். 2015-ல் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தினார்கள். மீனவர் குடியிருப்பில் கர்நாடக சங்கீதம், கூடவே மற்ற கலைகள். 2020 டிசம்பரில் பா.இரஞ்சித்தின் நீலம் அமைப்பு 'மார்கழியில் மக்களிசை' என்று ஆரம்பித்தது. அதே மார்கழி, அதே ஊர், மேடையில் கானாவும் பறையும். மார்கழி யாருக்கு என்று கேட்பதற்கு அதைவிடச் சுருக்கமாக ஒரு பெயர் வைக்கமுடியாது. சபாக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "அனுமதி இலவசம்" போர்டுக்குக் கீழே "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று இன்னொரு வரி எழுத பெயின்ட் செலவு அதிகமில்லை. வாட்ச்மேனுக்கு அதைச் சொல்லிவைக்கச் செலவே இல்லை.

சரி, சபாவையும் வாட்ச்மேனையும் சொன்னேன். அடுத்து நாம்.

ஓசியில் கேட்கிற நாம் எப்படிக் கேட்கிறோம் என்று ஒரு நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பாடகி ஒரு மணி நேரம் பாடி முடித்து, மிருதங்கத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். தனி ஆவர்த்தனம். அந்தத் தலையாட்டலுக்காகவே காத்திருந்த மாதிரி நாற்காலிகள் தடதடவென்று மடங்கும். பாதி சபை கேன்டீனுக்கு. அந்த மிருதங்கப் பையன் காலையிலிருந்து மற்றவர் பாட்டுக்கெல்லாம் அடங்கி வாசித்தவன். அவனுக்கென்று கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம். அவன் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு, கடத்தோடு மாறி மாறி வாசித்து, குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்து கோர்வையில் சேர்க்கும்போது, எதிரில் பார்ப்பது நம் முதுகு. சாயங்காலம் ஐந்நூறு ரூபாய் டிக்கெட்டிலும் இது நடக்கிறது என்பீர்கள். நடக்கிறது. ஆனால் காசு கொடுத்தவன் முதுகைக் காட்டினால் அது திமிர். காசு கொடுக்காதவனும் காட்டினால்? அதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

நாகஸ்வரத்துக்கு இதைவிட மோசம். தொடக்க விழாவில் மங்கள இசை என்று போடுவார்கள். வாசிக்கிற நேரம் முழுக்க, வி.ஐ.பி. வந்துவிட்டாரா, குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டாயிற்றா, பேனர் நேராக இருக்கிறதா என்று மேடைக்கும் வாசலுக்கும் நடை. அவர் ராகத்தை விரிக்க ஆரம்பிக்கும்போது மந்திரி கார் வந்துவிடும், நிறுத்தச் சொல்லிச் சைகை வரும். காருகுறிச்சி ஊர்க்காரன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் அதிகமாகவே வயிறு எரிகிறது, மன்னியுங்கள். நல்ல நாகஸ்வரம் வேண்டுமென்றால் பங்குனித் திருவிழாவில் ஏதாவதோர் இரவு மயிலாப்பூர் மாட வீதிக்குப் போய் நில்லுங்கள். சாமி புறப்படும்போது மல்லாரி. வீதி முழுக்க ஜனம். எவரும் உங்களை யாரைப் பார்க்கணும் என்று கேட்கமாட்டார். இந்த ஊரில் செலவில்லாமல் கிடைக்கிற இரவுகளில் எனக்கு முதல் இடம் அதற்குத்தான்.

காசு கொடுத்தால் மட்டும் மரியாதை கிடைத்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்களிலேயே பலர் கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதும், ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டதும் ஊரறிந்தது. நானும் ஒரு முறை வேறொரு சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு மகளின் பிறந்தநாள் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு டிக்கெட் எடுத்தேன். யார் நடத்தியது என்று சொல்லமாட்டேன். எங்கள் நாற்காலிக்கு நேர் முன்னால் ஸ்பீக்கர் கட்டிய இரும்புத் தூண். பாடகரின் இடது கை மட்டும் அவ்வப்போது தெரிந்தது. "அப்பா, கை நல்லா பாடுதுப்பா" என்றாள் மகள். டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பதினெட்டு சதவிகிதம் ஜி.எஸ்.டி. இசை நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 500 ரூபாய்வரை டிக்கெட் என்றால் வரி கிடையாது. 2017-ல் 250 என்று இருந்ததை 2018 ஜனவரியில் 500 ஆக்கினார்கள். ஆக, மலிவாகக் கேட்பவனை அரசாங்கமே கொஞ்சம் ஊக்குவிக்கிறது. தூணைப் பார்ப்பவனுக்குத்தான் வரி.

அதனால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மதியக் கச்சேரிக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட் போட்டால் என்ன? எண்பது பேர் வந்தால் நாலாயிரம். அப்படியே மேடைக்குக் கொடுத்துவிடலாம். அந்த அம்மாவின் நோட்டில் வயலினும் காரும் கழிந்துவிடும். ஒரு சபா நிர்வாகியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "டிக்கெட் போட்டா எண்பது பேர் வரமாட்டாங்க சார். எட்டுப் பேர் வருவாங்க" என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் 2001-ல் அந்த வாசலில் ஐம்பது ரூபாய் கேட்டிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். ஐம்பது ரூபாய் அன்றைக்கு எனக்கு இரண்டு வேளை மெஸ் சாப்பாட்டுக்கு மேல். அந்த மஞ்சள் பைப் பெரியவரும் பென்ஷன்காரர்தான், தினம் இரண்டு சபா ஏறி இறங்குபவர், அவரும் வந்திருக்கமாட்டார். ஸஹானா எனக்கு இன்றுவரை ஏதோ ஊர்ப் பெயராக இருந்திருக்கும். டிக்கெட் போட்டால் அந்தப் பெண்ணுக்கு நியாயம், என்னைப் போன்றவனுக்கு வாசல் மூடல். இந்த ஐந்தொகை எப்படிப் போட்டாலும் டேலி ஆகமாட்டேன் என்கிறது.

வாசலில் ஓர் உண்டியல் வைக்கலாம். இருப்பவர் போடட்டும், இல்லாதவர் உட்காரட்டும், உண்டியல் சாவி பாடியவர்கள் கையில். பெரிய கண்டுபிடிப்பில்லை, கோயிலில் ஆயிரம் வருஷமாக நடக்கிறது. இப்போது போனிலேயே பணம் அனுப்புகிற காலம். டீக்கடையில் ஒட்டியிருக்கிற அந்தக் கறுப்புக் கட்டத்தை மேடைப் பக்கத்தில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இருபது வருஷம் ஓசியில் கேட்டு, இன்று சம்பாதிக்கிற நிலைமைக்கு வந்திருக்கிற என்னைப் போன்றவர்கள் பாக்கியைத் தீர்க்க ஒரு வழி வேண்டாமா?

அந்த வழி வரும்வரை காத்திருக்க முடியாமல், போன டிசம்பரில் நானே ஒன்று செய்து பார்த்தேன். ஒரு மதியக் கச்சேரி. வயலின் கச்சேரி, பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். கரகரப்ரியாவை அவன் வாசித்தபோது எண்ணினேன், நாற்பத்தொரு பேர். முடிந்ததும் ஒரு கவரில் ஐந்நூறு ரூபாய் போட்டு மேடைப் பக்கம் போனேன். கோவில்பட்டிக்காரனின் கூச்சம், கவரைச் சட்டைப் பையில் வைத்து எடுத்து வைத்து எடுத்து. பையன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவரை நீட்டினேன். அப்பா முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சார்."

"தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் வெச்சிருந்தா வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். கவரை வாங்கி, பிரிக்காமல், மிருதங்கப் பையனிடம் கொடுத்தார். "இவனுக்குத்தான் சார் இன்னிக்கு ஒண்ணும் தர முடியல." பிறகு என்னிடம், "சார், நாளைக்கு மேற்கு மாம்பலத்துல ஒண்ணு இருக்கு. ரெண்டு மணிக்கு. முடிஞ்சா ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஹால் காலியா இருந்தா பையன் கொஞ்சம் சோர்ந்துடறான்" என்றார்.

கூட்டிப்போனேன். ஒருவர், ஆபீஸ் நண்பர், அந்தத் துண்டுக் காகிதக்காரர். நூறு ரூபாய்ப் பந்தயம் அவருக்கும் பாக்கி இருந்தது. இன்னொன்று என் மகள். பஸ்ஸில் போனோம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நாலைந்து பேர் எழுந்தார்கள், நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. மகள் தொடையில் தாளம் போட்டுத் தப்பவிட்டு, மறுபடி பிடித்து, மறுபடி தப்பவிட்டாள். நண்பரும் அசையவே இல்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தார்.

நான் எழுப்பவில்லை.